சும்மா நிற்காத சுவர்

பண்டாரவளையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் குசினியில் இரண்டு பேர் நிற்பதென்றால், ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. சரி, பெரிய மனிதர் சொல்கிறார் என்று ஒட்டுக் கொக்கிகள் வாங்கி வந்தேன். பின்னாலிருக்கும் தாளை உரித்துச் சுவரில் அமுக்கினால் போதும், ஆட்டுக்கல்லையே தொங்கவிடலாம் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரொட்டிக்கல் விழுந்தது, போகிற போக்கில் மிளகாய்த்தூள் டப்பாவையும் துணைக்கு இழுத்துக்கொண்டு விழுந்தது. தும்மிக்கொண்டே கூட்டி அள்ளும்போது பெரியம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. "ஒட்டினது உரியும்டி. அடிச்சதுதான் நிக்கும்."

பெரியம்மா என்றால் சொந்தமில்லை. பெரகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் அடுத்த வீடு. பெயர் வேண்டாம், அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. ஆணிக்காரம்மா என்றால் தபால்காரருக்கே தெரியும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிக் குசினி கட்டியிருந்தார்கள். எங்கள் குசினிக்கும் பெரியம்மா குசினிக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். நான் சொல்லப்போகிற சுவர் அது. அந்தச் சுவரால் ஒரு மருமகள் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தாள். அதைச் சொல்லுமுன் சுவரைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குசினியில் தரையில் ஒரு பொருள் இருக்காது. மேசை கிடையாது. அலமாரித் தட்டு கிடையாது. எல்லாம் பலகையில், ஆணியில். சட்டி, பானை, மூடிகள், இடியப்ப உரல், தேங்காய்த் துருவி, சொளகு, வெங்காயக் கூடை, பெரியப்பாவின் ரேடியோ, மண்ணெண்ணெய் போத்தல், குடை. உப்பு டப்பாவுக்குக் கழுத்தில் கம்பி சுற்றி ஒரு ஆணி. "தரை எறும்புக்கு, மேசை பூனைக்கு, செவுரு மனுசனுக்கு" என்பார். யாராவது மேசை வாங்கினால் துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் விசாரித்துவிட்டு வருவார்.

அதோடு விட்டாரா? பலகைக்கு வெள்ளை அடித்து, ஒவ்வொரு பொருளையும் சுற்றி அடுப்புக்கரியால் கோடு வேறு இழுத்து வைத்திருந்தார். தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவர் சாவிகளையும் ஸ்பேனர்களையும் அப்படித்தான் மாட்டி வைப்பாராம். துருவியை எடுத்தால் துருவி வடிவத்தில் ஒரு வெற்றிடம் நிற்கும். இரவல் கொடுத்ததை அவர் கேட்கவே வேண்டாம். அவர் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனால் அந்த வெற்றிடம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். பெரியம்மா அதற்குப் போகுமுன் தன் குசினியில் ஒரு பெரட்டு வைப்பார். கங்காணியும் அவரே, ஆளும் அவரே.

"துருவி?"

"வந்திருக்கு."

"ரொட்டிக்கல்லு?"

"வந்திருக்கு."

"சொளகு? ஏய், சொளகு எங்க?"

எங்கள் பக்கமிருந்து அம்மா கத்துவாள். "என்கிட்ட இருக்குக்கா! நேத்து அரிசி பொடைக்க வாங்கினேன்ல!"

"அப்ப அதுக்கு இன்னிக்கு அரப்பேருதான்!"

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். பாவம், சொளகு. அது அம்மாவுக்குத்தான் உழைத்தது, சம்பளத்தைப் பெரியம்மா வெட்டுவார்.

பலகையோ ஒரு விரல்கடை தடிப்பு. அவர் அந்தப் பக்கம் அடிக்கிற ஆணியெல்லாம் இந்தப் பக்கம் முனை நீட்டி எங்களை எட்டிப் பார்க்கும். அம்மா ஒருநாள் அந்த முனையில் சேலையைக் கிழித்துக்கொண்டு, இடுப்பில் சொருகிக்கொண்டு, சண்டைக்குப் போனாள்.

"என்னக்கா இது, ஒங்க ஆணி என் வீட்டுக்குள்ள வருது?"

பெரியம்மா நிதானமாகச் சொன்னார். "முனைதான வந்திருக்கு? தலை எந்தப் பக்கமோ ஆணி அந்தப் பக்கந்தான். அது என் வீட்டுலதான் இருக்கு."

ரோசத்தோடு திரும்பி வந்த அம்மா, கையிலிருந்த தேத்தண்ணி வடியை வைக்க இடம் தேடி, யோசிக்காமல் ஒரு முனையில் மாட்டினாள். மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மறுநாள் அகப்பை ஏறியது, அடுத்த நாள் அரிதட்டு. அப்புறம் ஒரு நாளும் சண்டை இல்லை. ஒருவர் அடித்த ஆணியில் இரண்டு வீடு பிழைத்தது.

இந்த ஆணிப் பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. பெரியம்மா நல்ல உயரம். லயத்து நிலைவாசல் எல்லாமே அவர் நெற்றியைப் பதம் பார்த்தவைதான். தேயிலைச் செடியை மற்றப் பெண்களின் இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருப்பார்கள். இவருக்கு அது தொடையளவு. கொழுந்து பறிக்கிறவர்களில் இவர் மட்டும்தான் விடிந்ததிலிருந்து மடங்கியே நிற்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, எலும்பெல்லாம் சடசடக்க நிமிர்வார். எங்கள் பக்கம் வடி ஆடும்.

"நாள் பூரா மலையில குனியிறேன். வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி எடுக்கவும் குனியணுமா? அப்ப இது வீடா, இன்னொரு மலையா?" என்பார். "அந்த மனுசன் நிக்கிறாரு, நான் நிக்கிறேன், எல்லாம் வேலை செய்யிறோம். இந்தச் செவுரு மட்டும் ஏன் சும்மா நிக்கணும்?"

அந்த மனுசன் என்பது பெரியப்பா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். மெலிந்த, குட்டையான ஆள். மேலே தொங்குகிற ரேடியோவின் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெரியம்மா மலையிலிருந்து வரும்வரை காத்திருப்பார். எட்டவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவருக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"நான் செத்தா என்னையும் ஒரு ஆணியில மாட்டிருவா."

"மாட்டாம? போட்டோவுக்கு எடம் பாத்து வச்சிருக்கேன்" என்று பெரியம்மா சுவரின் உச்சியைக் காட்டுவார். உண்மையாகவே அங்கே ஒரு ஆணி காலியாக இருந்தது. சுற்றிலும் கரிக்கோடு, சட்டத்தின் அளவில். "அங்கருந்து என் கொழம்புக்கு உப்பு ஒறப்பு சொல்லிக்கிட்டு இருங்க. இப்பவும் அந்த வேலைதான பாக்குறீங்க."

நான் அப்போது பெரகலைச் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் பெரியம்மாவின் மகன் கல்யாணம். எல்ல என்கிற ஊரில் ஒரு விருந்தினர் விடுதியில் அண்ணனுக்குச் சமையல் வேலை. விடுதிக்குச் சாமான் வாங்கப் பதுளை பசாருக்குப் போகப் போக, பலசரக்குக் கடைக்காரர் மகளோடு பழக்கமாகி, அது காதலாகிவிட்டது. அவர்கள் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். "லயத்துக்கா போகப்போற?" என்று வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் பெண்ணின் பிடிவாதம்தான் ஜெயித்தது. தாலி கட்டி முடிந்ததும் அவளுடைய அண்ணன் எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி, "முடியலன்னா ஒரு கோல் போடு. வேன் எடுத்துக்கிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மாவின் முகம் அன்றைக்குச் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அண்ணி என் வயதுதான், என் உயரம்தான். அதாவது குள்ளம். பெரியம்மாவின் கையிடுக்கில் குடைபோலச் செருகி வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவைதான் எல்லவிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் மருமகளும் சுவரும்தான்.

முதல் நாளே பெரியம்மா அவளுக்கென்று புது டம்ளர் வாங்கி, புது ஆணி அடித்து, புதுக் கோடு இழுத்து மாட்டினார். மேல் வரிசையில். அது அவருடைய டம்ளர் தொங்குகிற வரிசை. பெற்ற மகனின் டம்ளருக்கே அங்கே இடம் கிடைத்ததில்லை. லயமே வாயில் கை வைத்தது. "பாத்தியா, வந்ததும் வராததுமா மேல ஏத்திட்டா!" என்று அம்மாகூடப் பொறாமைப்பட்டாள்.

ஆனால் அண்ணிக்கு அது எட்டவில்லை.

டம்ளர் மட்டுமா? பாதிச் சுவர் எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறினாள். பெரியம்மா பார்த்துவிட்டு, "வாளி தண்ணி புடிக்கத்தான் தாயி. ஏறி நிக்க இல்ல, ஒடஞ்சிரும்" என்றார். நல்லதாகத்தான் சொன்னார், விழுந்துவிடுவாளே என்று. அடுத்த நாள் பெரியம்மா மலைக்குப் போனதும் அண்ணி எட்டினதையெல்லாம் இறக்கி, கடையில் அடுக்குகிற மாதிரி தரையில் அழகாக வரிசை வைத்தாள். சாயங்காலம் வந்த பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, எல்லாரும் வேலைநிறுத்தமா?" என்று சட்டி பானைகளைக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். அண்ணியை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாவதாக அண்ணி கடைக்காரர் மகள் புத்தியைக் காட்டினாள். பசார்க் கடைகளில் மேலே தொங்கும் வாளியையும் தும்புத்தடியையும் நுனியில் கொக்கி வைத்த கம்பால்தான் இறக்குவார்கள். அப்படி ஒன்றைச் செய்துகொண்டாள். கடையில் தொங்குவது பிளாஸ்டிக் வாளி. இங்கே தொங்குவது அலுமினியச் சட்டி. அந்தப் பக்கம் தினமும் டமார், டுமீல். இந்தப் பக்கம் எங்கள் அகப்பை நடுங்கும். "ஒரு மாசம் தாங்காதுடி" என்றாள் அம்மா. மருமகளைச் சொன்னாளா, பலகையைச் சொன்னாளா தெரியாது.

ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அண்ணி என்னிடம் அழுதாள்.

"என் டம்ளர வேணும்னே எட்டாத எடத்துல வச்சிருக்காங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கவும் அவங்ககிட்டக் கேட்டு நிக்கணும்னுதான."

"அய்யோ அண்ணி, அது மரியாதை வரிசை!"

"எட்டாத மரியாதைய வச்சு நான் என்னா செய்ய?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரமே நடந்தது. டம்ளரை இறக்கப் போன கொக்கி, பக்கத்திலிருந்த பெரிய சட்டியின் காதில் மாட்டியது. சட்டி நேராக அவள் காலில் விழுந்தது. நான் ஓடிப் போனபோது பாதம் வீங்கி, பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. அவள் அழவில்லை. தன் ஃபோனை எடுத்துத் தரச் சொன்னாள். அன்று பின்னேரம் வேன் வந்தது.

பெரியம்மா மலையிலிருந்து இறங்கும்போது அண்ணி காலில் துணிக்கட்டோடு வேனில் ஏறிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட மறந்து பெரியம்மா ஓடிவந்தார். கேட்க எவ்வளவோ இருந்தும், "சாப்பிட்டியா தாயி?" என்றுதான் கேட்க வந்தது. அண்ணி தலையாட்டினாள். அவளுடைய அண்ணன் கதவைச் சாத்தினார். வேன் வளைவில் மறைகிறவரை பெரியம்மா அங்கேயே நின்றார். லயத்து வாசல்களில் எல்லாத் தலையும் தெரிந்தது. "ஆணி வெரட்டிருச்சு" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமலா இருக்கும்? அண்ணன் எல்லவிலிருந்து கூப்பிட்டு, "அந்தச் செவுத்த ஒடச்சு அடுப்புல வைங்கம்மா!" என்று கத்தினார்.

மறுநாள் காலை குசினியில் பெரட்டு நடக்கவில்லை. துருவி வந்ததா, சொளகு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. போய், அண்ணி பீலியில் சொன்னதைச் சொன்னேன்.

பெரியம்மா என்னை விளங்காத மாதிரி பார்த்தார். "எட்டலியா?"

"எட்டல பெரியம்மா."

"கைய நீட்டினா எட்டுமே."

"உங்களுக்கு எட்டும்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "மேல எட்டாதுன்னும் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். சத்தியமாக, நடிப்பில்லை. அந்த மனுஷிக்கு வாழ்க்கையில் கஷ்டமெல்லாம் கீழேதான் இருந்தது. மேலே இருப்பது யாருக்கும் சுகம் என்றே நினைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். திடீரென்று எங்கள் பக்கத்து வடி பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், அது தொங்கிய ஆணிமுனை மெல்ல மெல்லப் பலகைக்குள் போகிறது. அடுத்து அகப்பை. அடுத்து அரிதட்டு. ஒவ்வொரு முனையாக உள்ளே இழுத்துக்கொண்டு மறைந்தது. அம்மா கையில் சோற்றோடு எழுந்தாள்.

"ஏய், ஆணியப் புடுங்குறா! நான் எங்கடி மாட்டுவேன்?"

போய்ப் பார்த்தால் பாத்திரமெல்லாம் முதல் தடவையாகத் தரையில் கிடக்கிறது. பெரியம்மா சுத்தியலின் பிளந்த பக்கத்தால் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா. நீ அவ ஒசரந்தான? இங்க நில்லு. கையத் தூக்கு" என்றார்.

தூக்கினேன்.

"எக்காத! எக்காம, நோகாம எவ்வளவு தூரம்?"

அந்த இடத்தில் கரியால் ஒரு புள்ளி. அதற்கு மேல் ஒரு ஆணியும் போகக் கூடாதென்று அவரே உத்தரவு போட்டு, அவரே "சரி" என்றும் சொல்லிக்கொண்டார். துருவிக்கு ஒரு தடவை, சட்டிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு தடவை நான் கையைத் தூக்கினேன். தோள் கழன்றுவிட்டது. பாரமானதெல்லாம் இன்னும் கீழே போனது. கடைசி வரிசை அவருடைய முழங்காலுக்கு வந்தது.

"பெரியம்மா, இப்ப நீங்கதான் குனியணும்."

"குனிஞ்சு பழகின இடுப்புதான. நீ கையத் தூக்கு."

சண்டைக்கு வந்த அம்மா வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டாள். அப்புறம் உள்ளே வந்து ஆணி டப்பாவை எடுத்துக் கிளறி, "இது பத்தாதுக்கா. நீட்டு ஆணியா அடிங்க. என் பக்கம் முனை நல்லா வரணும்" என்றாள். ரேடியோ இறங்கியதும் பெரியப்பா தானே எட்டிச் சத்தத்தைக் கூட்டினார். குறைத்தார். மறுபடி கூட்டினார்.

உச்சியில் போட்டோவுக்கு வைத்த ஆணியை மட்டும் பெரியம்மா பிடுங்கவில்லை. "அதுக்கு யாரும் கை நீட்டப்போறதில்ல" என்றார்.

எல்லாம் முடிந்ததும் என் ஃபோனில் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பச் சொன்னார். "நீயும் அதுல நில்லு. அப்பதான் ஒசரம் தெரியும்." அம்மா படம் எடுத்தாள். சுவரில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மேலே அதன் பழைய கரிக்கோடு வெறுமனே நிற்க, நடுவில் நான் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, சட்டமூலத்துக்கு ஆதரவு கொடுக்கிறவள் மாதிரி நின்றேன். அனுப்பி வெகுநேரம் பதிலில்லை. பெரியம்மா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணி கூப்பிட்டாள்.

"என் டம்ளரு எங்க? காணோமே."

நான் வாய் திறக்குமுன் பெரியம்மா ஃபோனில் கத்தினார். "இருக்கு தாயி, இருக்கு! இவ மண்டை மறைக்குது!"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வாரமே அண்ணி நொண்டிக்கொண்டு பதுளை பஸ்ஸில் வந்து இறங்கினாள், வேன் இல்லாமல். நேரே குசினிக்குப் போனாள். எக்காமல் டம்ளரை எடுத்தாள். அதே நேரம் பெரியம்மா உப்பு டப்பாவுக்காக இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். "அம்மாடி" என்று ஒரு சத்தம் வந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு டப்பாவை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பெரியம்மா குனியப் போகுமுன் அண்ணி முந்திக் குனிந்துவிடுவாள். எப்போதும் முடியாது, இரண்டு பேரும் ஓடி முட்டிக்கொண்ட நாளும் உண்டு. பெரட்டு மறுபடி தொடங்கியது. பெயர் கூப்பிடுவது பெரியம்மா, "வந்திருக்கு" சொல்வது அண்ணி.

கல்யாணமாகி நான் பண்டாரவளைக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது பக்கத்துக் குசினிக்கும் போனேன். சட்டியும் துருவியும் அதே இடத்தில். மேலே பழைய கோடுகள், வெள்ளை அடித்தும் மங்கலாகத் தெரிந்தன. பெரியப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் விரலால் உச்சியைக் காட்டினார்.

"பாத்தியா? எனக்குப் பாத்து வச்ச எடம். முந்திக்கிட்டுப் போய் நின்னுக்கிட்டா."

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டத்துக்குள்ளிருந்து பெரியம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கையில் ஒரு முழம் பூவோடு வந்தாள். வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, எக்கி, அப்படியும் முழுசாக எட்டாமல் சட்டத்தின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பூவை மாட்டினாள். தினமும் இதே கூத்தாம்.

"ஏன் அண்ணி இந்தப் பாடு? கொஞ்சம் கீழ எறக்கி மாட்டலாமே" என்றேன்.

"வேணாம்" என்றாள் அண்ணி, இறங்கிக்கொண்டே. "எனக்காகக் குனிஞ்சது போதும். இனியாச்சும் நிமிந்து நிக்கட்டும்."

பிறகு வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.